16,000 பேர் ஊரில் ஒரு ஹாக்கி அணி

கனடாவின் கால்கரி நகரில் சாடில்டோம் என்றொரு அரங்கம். 19,000 பேருக்கு மேல் உட்காரலாம். கால்கரி ஹிட்மென் என்ற ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிக்கு அதுதான் சொந்த மைதானம். அதே லீக்கில் ஆடும் இன்னொரு அணி ஸ்விஃப்ட் கரண்ட் பிராங்கோஸ். அந்த ஊரின் மொத்த ஜனத்தொகையே 2021 கணக்கெடுப்பின்படி 16,750தான். கைக்குழந்தையில் தொடங்கி முதியோர் இல்லத்துப் பாட்டி வரை ஒருவர் விடாமல் அழைத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாலும் சாடில்டோமில் நாற்காலி மிஞ்சும்.

இப்படி ஒரு ஊர் கால்கரி, எட்மண்டன், போர்ட்லாந்து போன்ற பெருநகரங்களோடு ஒரே லீக்கில் ஆடுகிறது. சும்மா பெயருக்கு ஆடவில்லை. மூன்று முறை லீக் சாம்பியன், ஒருமுறை கனடா முழுமைக்குமான ஜூனியர் சாம்பியன். அதே அணிதான் ஒரு பேருந்து விபத்தில் நான்கு பையன்களைப் பறிகொடுத்தது. கனடா ஹாக்கி வரலாற்றிலேயே மிக மோசமான துஷ்பிரயோக வழக்கும் இந்த அணியைச் சுற்றித்தான் வெடித்தது. இவ்வளவும் ஒரே சிறிய ஊரில் நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம். ஊரும் அணியும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்த்தால் நல்லதற்கும் கெட்டதற்கும் வேர் அங்கேயே தெரியும்.

முதலில் ஜூனியர் ஹாக்கி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கனடாவில் 16 முதல் 20 வயது வரையிலான பையன்கள் ஆடும் உயர்மட்டம் இது. நாட்டில் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகள் இருக்கின்றன: மேற்கே ஒன்று, ஒன்டாரியோவில் ஒன்று, கியூபெக்கையும் கிழக்குக் கரை மாகாணங்களையும் சேர்த்து ஒன்று. மூன்றின் சாம்பியன்களும், போட்டியை நடத்தும் ஊரின் அணியும் மோதுவது மெமோரியல் கோப்பைக்காக. தொழில்முறை லீக்கான என்.எச்.எல். தன் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் முக்கியமான இடம் இந்த லீக்குகள்தான். அதனால் 16 வயதுப் பையன் ஒருவன் வீட்டை விட்டு, சில நேரம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தன்னைத் தேர்ந்தெடுத்த அணியின் ஊருக்குப் போய்த் தங்குகிறான். அங்கே அவனுக்குச் சோறு போட்டு, துணி துவைத்துக் கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்புவது அந்த ஊரின் ஏதாவது ஒரு குடும்பம். இவர்களை பில்லட் குடும்பம் என்கிறார்கள். கையில் வரும் உதவித்தொகை சொற்பம். பெரிய ஆதாயம் வேறு: மேற்கு லீக்கில் ஒரு சீசன் ஆடினால் ஒரு வருடப் படிப்புக்கான செலவை லீக் ஏற்கும்.

சரி, ஊருக்கு வருவோம். சஸ்காட்செவன் மாகாணத்தின் தென்மேற்கில், கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலமும் எண்ணெய்க் கிணறுகளும் சூழ்ந்த ஊர் ஸ்விஃப்ட் கரண்ட். நாட்டின் குறுக்கே ஓடும் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. மாகாணத் தலைநகரான ரெஜைனா கிழக்கே சுமார் 240 கிலோமீட்டர். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி என்பது அங்கே செய்தியே இல்லை. கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1967-ல் பிராங்கோஸ் அணி பிறந்தது. ஊரில் எழும்பிய அரங்கத்துக்கும் நூற்றாண்டின் பெயரையே வைத்தார்கள்.

முதல் சில வருடங்களிலேயே நல்ல ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள். பக்கத்து வால் மரி கிராமத்துப் பண்ணை வீட்டுப் பையன் பிரையன் ட்ராட்டியே இங்கேதான் ஜூனியர் ஆட்டத்தைத் தொடங்கினார். பின்னாளில் நியூயார்க் ஐலண்டர்ஸ் தொடர்ந்து நான்கு முறை என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அந்த அணியின் தூண்களில் ஒருவர் அவர். சண்டைக்குப் பெயர் போன டைகர் வில்லியம்ஸும் இங்கே ஆடியவர்தான். என்.எச்.எல். வரலாற்றிலேயே விதி மீறியவர்களை உட்கார வைக்கும் தண்டனைப் பெட்டியில் அதிக நேரம் உட்கார்ந்த மனிதர் என்ற சாதனை இன்றைக்கும் அவர் பெயரில் இருக்கிறது.

ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள், பணம் கட்டுப்படி ஆகவில்லை. 1974-ல் அணி ஆல்பர்ட்டா மாகாணத்தின் லெத்பிரிட்ஜ் நகரத்துக்குப் போய்விட்டது. 1975 குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக அங்கே புது அரங்கம் கட்டியிருந்தார்கள். பெரிய ஊர், பெரிய அரங்கம். தனியார் உரிமையாளரின் கணக்கில் அது தப்பே இல்லை. லெத்பிரிட்ஜ் பிராங்கோஸ் என்ற பெயரில் அணி பன்னிரண்டு வருடம் அங்கே ஆடியது. சட்டர் குடும்பத்தின் ஆறு சகோதரர்களும் அந்த அணி வழியாக என்.எச்.எல்.லுக்குப் போனார்கள். ஸ்விஃப்ட் கரண்ட் இரண்டாம் நிலை ஜூனியர் அணியை வைத்துக்கொண்டு காலம் தள்ளியது.

1986-ல் லெத்பிரிட்ஜில் கூட்டம் குறைந்து அணி விலைக்கு வந்தபோது ஸ்விஃப்ட் கரண்ட்காரர்கள் செய்ததுதான் இந்தக் கதையின் திருப்புமுனை. ஒரு பணக்காரரைத் தேடிப் போகாமல், உள்ளூர்ப் பிரமுகர் ஜான் ரிட்டிங்கர் முன்னின்று நடத்த, ஊரே சேர்ந்து அணியை வாங்கியது. அன்றிலிருந்து பிராங்கோஸுக்குத் தனி முதலாளி கிடையாது. கூட்டுறவுச் சங்கம் மாதிரி நடக்கிறது: தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு, வருடாந்திரப் பொதுக்கூட்டம், எல்லோர் முன்னும் வாசிக்கப்படும் வரவு செலவு. லாபம் வந்தால் அணிக்குள்ளேயே போகும், நஷ்டம் வந்தால் ஊர் மறுபடி சீசன் டிக்கெட் வாங்கித் தாங்கும். மூஸ் ஜா, பிரின்ஸ் ஆல்பர்ட் ஆகிய சஸ்காட்செவன் ஊர்களிலும் இதே ஏற்பாடுதான். 1974-ல் அணியைத் தூக்கிக்கொண்டு போனது போல இனி யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதுதான் இதன் பெரிய லாபம்.

இது கேட்க நன்றாக இருக்கிறது. நிஜமாகவே நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அது பின்னால் வரும்.

அணி திரும்பி வந்த முதல் சீசன் பாதிகூட முடியவில்லை. 1986 டிசம்பர் 30. அன்றிரவு ரெஜைனா பேட்ஸ் அணியோடு ஆட்டம். மாலையில் பேருந்து கிளம்பியது. வழக்கம் போலப் பின்பக்கம் சிலர் சீட்டுக் கச்சேரியில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரை விட்டுச் சில கிலோமீட்டர்கூடப் போயிருக்காது, சாலை மேல் படிந்திருந்த, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் பேருந்து வழுக்கியது. சாலையை விட்டு இறங்கி, ஒரு மண்மேட்டில் மோதித் தூக்கி எறியப்பட்டு, பக்கவாட்டில் விழுந்தது. பின்னால் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நான்கு பேர் இறந்தார்கள்: ட்ரென்ட் கிரெஸ், ஸ்காட் க்ரூகர், கிறிஸ் மான்டிகா, பிரென்ட் ரஃப். பிரென்டுக்கு 16 வயது. அவருடைய அண்ணன் லிண்டி ரஃப் அப்போது என்.எச்.எல்.லில் ஆடிக்கொண்டிருந்தார். ஸ்காட் க்ரூகர் உள்ளூர்ப் பையன், ஊரே அவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருந்தது.

பேருந்தின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவர் பெரிய காயம் இல்லாமல் வெளியே வந்தார். பெயர் ஜோ சாகிக். பிற்காலத்தில் கொலராடோ அவலாஞ்ச் அணியின் கேப்டனாக 1996-லும் 2001-லும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர் அவர்தான்.

நினைவுக் கூட்டம் அணியின் சொந்த அரங்கத்திலேயே நடந்தது. பிறகு அணி மீண்டும் பனித்தளத்தில் இறங்கியது. அந்த சீசனில் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் ப்ளேஆஃப் சுற்றுக்கும் நுழைந்தது. இறந்த நால்வரின் எண்களான 8, 9, 11, 22 ஆகியவற்றை நான்கு இதழ் கொண்ட ஒரு க்ளோவர் இலைச் சின்னத்தில், இதழுக்கு ஒன்றாக எழுதிச் சட்டையில் தைத்துக்கொண்டார்கள். லீக் தன் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் கோப்பைக்கு இந்த நால்வரின் நினைவாகப் பெயர் வைத்தது. 1988-ல் அதைப் பெற்றது சாகிக். அந்த சீசனில் 64 ஆட்டங்களில் 78 கோல், 82 அசிஸ்ட் (கூட ஆடுபவர் கோல் போட வழி செய்து கொடுத்தது), மொத்தம் 160 புள்ளி. அதே 160 புள்ளியை எடுத்த இன்னொருவர் மூஸ் ஜா அணியின் தியோ ஃப்ளூரி. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்துக்குப் பிறகு அந்தப் பையன்களுக்கு மனநல ஆலோசனை எதுவும் கிடைக்கவில்லை. வெளியாட்கள் யாரும் வேண்டாம், நமக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கோச் தடுத்துவிட்டதாக உயிர் தப்பியவர்கள் பல வருடம் கழித்துச் சொன்னார்கள். அப்போது அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்து ஹாக்கியில் வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவதுதான் ஆண்மை. அதோடு கோச் கிரஹாம் ஜேம்ஸுக்கு நல்ல பெயர். படித்தவர், நிதானமாகப் பேசுகிறவர், சண்டையை நம்பாமல் வேகத்தையும் திறமையையும் நம்பி அணியைக் கட்டுகிறவர் என்றெல்லாம் எழுதினார்கள். விபத்தில் நொறுங்கிய ஊருக்கு அவர்தான் ஆறுதல் மாதிரி தெரிந்தார்.

1988-89 சீசனில் அந்த அணி ஆடிய ஆட்டத்தை இன்றும் ஜூனியர் ஹாக்கியின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். 72 ஆட்டத்தில் 55 வெற்றி, 16 தோல்வி, 1 டிரா. எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது கிடைக்கும் பவர் ப்ளேயில் மட்டும் 180 கோல் அடித்தார்கள். ப்ளேஆஃபில் மூஸ் ஜா, சஸ்கட்டூன், போர்ட்லாந்து என்று மூன்று அணிகளையும், முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர் முன்னேறும் தொடர்களில், ஆளுக்கு 4-0 என்று துடைத்தெறிந்தார்கள். பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டு வெற்றி.

மெமோரியல் கோப்பை அந்த வருடம் சஸ்கட்டூனில். போட்டியை நடத்தும் ஊர் என்பதால் சஸ்கட்டூன் பிளேட்ஸுக்கும் இடம் உண்டு. இறுதி ஆட்டத்தில் மோதியதும் அவர்கள்தான், சொந்த ரசிகர்கள் முன்னால். 1989 மே 13. மூன்று பீரியட் முடிந்தபோது 3-3. ஓவர்டைமில் டிம் டிஸ்டேல் கோல் போட்டார். இறந்த ஸ்காட் க்ரூகரின் சகோதரர்கள் இருவர் அந்த அணியில் இருந்தார்கள்: கோல்கீப்பர் ட்ரெவர், தடுப்பாட்டக்காரர் டேரன். அந்த வெற்றிக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் படிக்கப்படும் பிரபல ஹாக்கிப் பத்திரிகை ஒன்று கிரஹாம் ஜேம்ஸை ஆண்டின் சிறந்த மனிதராக அறிவித்தது.

1996-ல் ஷெல்டன் கென்னடி காவல் துறையிடம் போனார். 1989 அணியின் நட்சத்திரங்களில் ஒருவர், அப்போது என்.எச்.எல். ஆட்டக்காரர். பதின்ம வயதிலிருந்து தன்னை கோச் பல வருடம் பாலியல் துஷ்பிரயோகம் செய்தார் என்று புகார் கொடுத்தார். 1997 ஜனவரியில் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கென்னடி மீதும் இன்னொரு ஆட்டக்காரர் மீதும் சுமார் 350 தடவை. தண்டனை மூன்றரை வருடம்.

எப்படி இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் போனது என்று அப்போது நாடே கேட்டது. ஆனால் அந்த ஏற்பாட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பையன் வீட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். இன்றைக்கு யார் பனித்தளத்தில் இறங்குவது, யாரை வேறு அணிக்கு மாற்றுவது, ஆள் தேடி வரும் என்.எச்.எல். ஸ்கௌட்டிடம் யாரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வது, எல்லாம் ஒரே ஆள் கையில். கோச்சைக் கேள்வி கேட்க வேண்டிய நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் உள்ளூர்க் கடைக்காரர்கள், விவசாயிகள், சம்பளமில்லாமல் அணிக்காக உழைக்கும் நல்லவர்கள். அவர்களுக்கு அந்த கோச் விபத்துக்குப் பிறகு ஊரைத் தூக்கி நிறுத்தியவர். ஊரின் ஒரே பெருமை அந்த அணி. இப்படி எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருக்கும்போது தள்ளி நின்று பார்க்க ஆள் இல்லை. முதலாளி தனியாள் என்றால் மட்டும் இது நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஜேம்ஸ் வேறு அணிகளில் இருந்தபோதும் இதையே செய்திருக்கிறார். ஆனால் ஊரே முதலாளியாக இருக்கும்போது அணியைச் சந்தேகிப்பது தன்னையே சந்தேகிப்பதாகிவிடுகிறது. அணியைக் காப்பாற்றிய அதே ஒட்டுறவு பையன்களைக் காப்பாற்றத் தவறியது.

ஜேம்ஸ் முன்பு மூஸ் ஜாவிலும் கோச்சாக இருந்தவர். அங்கே ஆடிய தியோ ஃப்ளூரி 2009-ல் தானும் பாதிக்கப்பட்டவர் என்று வெளியே சொன்னார். ஜேம்ஸுக்கு 2007-லேயே அரசின் மன்னிப்பு கிடைத்திருந்த விஷயம் 2010-ல் வெளியானபோது நாடே கொதித்தது. அதன் பிறகு மன்னிப்புச் சட்டம் மாறியது. இப்போது கனடாவில் சிறார் மீதான பாலியல் குற்றவாளிகள் பெரும்பாலும் அந்தச் சலுகைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஃப்ளூரி வழக்கில் ஜேம்ஸுக்கு 2012-ல் இரண்டு வருடத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஐந்தானது. 2015-ல் இன்னொரு முன்னாள் ஸ்விஃப்ட் கரண்ட் ஆட்டக்காரரின் வழக்கில் மேலும் இரண்டு வருடம் சேர்ந்தது.

கென்னடி 1998-ல் ரோலர் ஸ்கேட்டில் கனடாவின் குறுக்கே போய்ப் பணம் திரட்டினார், பிறகு பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் துஷ்பிரயோகத்தை அடையாளம் காணச் சொல்லித் தரும் அமைப்பை ஒரு நண்பரோடு தொடங்கினார். இன்று கனடாவில் பிள்ளையை ஹாக்கியில் சேர்க்கப் போனால் பல இடங்களில் அந்தப் பாடத்தை முடித்த பிறகுதான் பதிவே. ஜூனியர் லீக்குகளும் 1997-ல் கோர்டன் கிர்க் என்ற வழக்கறிஞரைக் கொண்டு ஒரு விசாரணை நடத்தி அறிக்கை வாங்கின.

விளையாட்டுக் கணக்குக்குத் திரும்பினால், பிராங்கோஸ் 1993-ல் மீண்டும் லீக்கை வென்றது. அப்புறம் 25 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018-ல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சிறிய ஊர் எப்படி வெல்கிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது என்பது அதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

ஜூனியர் ஹாக்கியில் எந்த அணியும் நிரந்தரமாக நல்ல அணியாக இருக்க முடியாது. ஆட்டக்காரர்களுக்கு வயதாகிறது. 20 தாண்டினால் வெளியே. அதனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை நல்ல ஒரு கூட்டம் முதிர்ந்து நிற்கும்போது கையிலிருப்பதை எல்லாம் போட்டுப் பார்ப்பது வழக்கம். பிராங்கோஸும் அதைச் செய்தது. 2018 ஜனவரியில் லெத்பிரிட்ஜ் ஹரிகேன்ஸிடமிருந்து கோல்கீப்பர் ஸ்டூவர்ட் ஸ்கின்னர், முன்னாட்டக்காரர் ஜியோர்ஜியோ எஸ்டெஃபன் உள்ளிட்டோரை வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது இளம் ஆட்டக்காரர்களையும் வரும் வருடங்களில் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகளையும். ப்ளேஆஃபில் ரெஜைனாவோடு ஏழு ஆட்டம், மூஸ் ஜாவோடு ஏழு ஆட்டம், அடுத்து யார் என்று பார்த்தால் லெத்பிரிட்ஜேதான். ஸ்கின்னர் தன் பழைய அணியை ஆறு ஆட்டத்தில் வெளியே அனுப்பினார். இறுதியில் எவரெட் அணியையும் ஆறு ஆட்டத்தில் முடித்தார்கள். மெமோரியல் கோப்பையில்தான் மூன்று ஆட்டமும் தோல்வி. 26 ப்ளேஆஃப் ஆட்டம் ஆடிக் களைத்த அணியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

அடுத்த சீசனில் பில் வந்தது. 68 ஆட்டத்தில் 11 வெற்றி. அதற்கடுத்த சீசனில் 10. ஒரு பெருநகர அணிக்கு இது சங்கடம், அவ்வளவுதான். சுமார் 3,000 பேர் அமரும் அரங்கத்தில் டிக்கெட் விற்றுப் பிழைக்கும் அணிக்கு இரண்டு வருடம் தொடர்ந்து தோற்பது வயிற்றில் அடிக்கும் விஷயம். கோவிட் வந்து சஸ்காட்செவன், மானிடோபா அணிகள் எல்லாம் 2021-ல் ரெஜைனாவில் பூட்டிய அரங்கத்துக்குள் 24 ஆட்டம் மட்டும் ஆடியதும் இதே காலத்தில்தான். அப்படியிருந்தும் அணி ஊரை விட்டுப் போகவில்லை என்றால் காரணம் 1986-ல் செய்த அந்த ஏற்பாடுதான்.

2018 ஏப்ரல் 6-ல் ஹம்போல்ட் பிராங்கோஸ் பேருந்து விபத்துச் செய்தி வந்தபோது வெளிநாட்டில் பலர் இரண்டு அணிகளையும் குழப்பிக்கொண்டார்கள். அது வேறு அணி, அதே மாகாணத்தில் ஒரு படி கீழான லீக். ஒரு சரக்கு லாரியோடு மோதியதில் 29 பேரில் 16 பேர் இறந்தார்கள். 1986 பேருந்தில் இருந்தவர்கள் சிலர், கென்னடியும் அவர்களில் ஒருவர், ஹம்போல்ட் போய் அங்கிருந்த குடும்பங்களோடு உட்கார்ந்தார்கள். இந்த முறை ஆலோசகர்கள் வந்தார்கள். 2020 செப்டம்பருக்குப் பிறகு தயாராகும் நெடுஞ்சாலைப் பேருந்துகளில் சீட் பெல்ட் கட்டாயம் என்று விதியும் வந்தது.

இப்போது ஊருக்கு முன்னால் நிற்கும் கேள்வி வேறு. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி முன்பு கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களைச் சேர்த்ததில்லை. பையன் 16 வயதிலேயே இதுவா அதுவா என்று முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டிலிருந்து அந்தத் தடை நீங்கிவிட்டது. கல்லூரி வாய்ப்பு போய்விடுமே என்று ஒதுங்கியிருந்த பையன்கள் இனி ஸ்விஃப்ட் கரண்டுக்கும் வரலாம், அது லாபம். ஆனால் வந்தவர்கள் 19 வயதில், நன்றாக முதிர்ந்து நிற்கும் நேரத்தில், பெரிய கல்லூரிகளுக்குக் கிளம்பிப் போகலாம். 2018 அணியை வெல்ல வைத்ததே 19, 20 வயதுக்காரர்கள்தான். அந்த வயதுக்காரர்கள் தங்கமாட்டார்கள் என்றால், மூன்று நான்கு வருடம் பொறுத்து ஒரே சீசனில் எல்லாவற்றையும் போட்டு வெல்லும் பழைய கணக்கு இனி எடுபடுமா என்பதை நிர்வாகக் குழுவில் இருக்கும் அந்தச் சம்பளமில்லாத கடைக்காரர்களும் விவசாயிகளும்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.